ஒசாகாவிலிருந்து வந்த சாமான்கள்: எதைச் சொருகலாம், எதைத் தொடக் கூடாது?

பொங்கோல்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மின்சாரம் தெரிந்தவர்கள் யாராவது கொஞ்சம் வழிகாட்டுங்கள்.

என் தங்கை குடும்பம் ஆறு வருடம் ஒசாகாவில் இருந்தது. இப்போது மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூருக்கு மாற்றல். வாடகை வீடு அமையும்வரை எங்களோடுதான் இருக்கிறார்கள். கப்பலில் வந்த பெட்டிகளில் மூன்று எங்கள் ஹாலில் அடுக்கியிருக்கின்றன. உள்ளே ஒரு ரைஸ் குக்கர், ஒரு ஹேர் டிரையர், மடிக்கணினி, கேமரா பேட்டரி சார்ஜர், பிள்ளை வாசிக்கும் கீபோர்டு, மாப்பிள்ளை உயிராக வைத்திருக்கும் ரெக்கார்ட் பிளேயர். எல்லாவற்றுக்கும் இரண்டு தட்டைக் கம்பி வைத்த பிளக். நம் வீட்டு மூன்று ஓட்டை சாக்கெட்டில் நுழையாது.

நேற்று ராத்திரி பக்கத்து புளோக் கடையில் ஒரு யூனிவர்சல் அடாப்டர் வாங்கினேன். கடைக்காரர் "எல்லா நாட்டுக்கும் ஓகே" என்றார். கேமரா சார்ஜரைப் போட்டேன், பச்சை விளக்கு எரிந்தது, பேட்டரியும் நிறைந்தது. அந்தத் தைரியத்தில் ரைஸ் குக்கரையும் எடுத்துவிட்டேன். அம்மா அரிசி களைந்து தயாராக வைத்திருந்தார். சுவிட்சில் கை வைக்கும்போது தங்கை மகள் ஓடி வந்து, "பெரியம்மா, ஜப்பான் கரண்ட் வேற, போடாதீங்க" என்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை. கை அப்படியே நின்றுவிட்டது.

கேமரா சார்ஜர் வேலை செய்தது, குக்கர் செய்யாதா? இரண்டும் ஒரே ஊரில் வாங்கியவைதானே?

ஜூரோங் தம்பி எழுதியது:

அக்கா, நான் ஜப்பானில் வாங்கிய போன் சார்ஜரை இங்கே மூன்று வருடமாகப் போடுகிறேன். ஒன்றும் ஆகவில்லை. அடாப்டர்தான் வோல்டேஜை மாற்றிக் கொடுக்கிறது. குக்கரையும் தாராளமாகப் போடலாம் என்றுதான் நினைக்கிறேன்.

கப்பல்பட்டறை எழுதியது:

பொங்கோல் தங்கச்சி, முதலில் குக்கரையும் டிரையரையும் பெட்டிக்குள்ளேயே திரும்ப வையுங்கள். அந்தப் பிள்ளைக்கு என் சார்பாக ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுங்கள். மீதியை நிதானமாகப் பார்ப்போம்.

செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறைகளில் 26 வருடம் மின்வேலை பார்த்தவன் நான். ஜூரோங் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அடாப்டர் வோல்டேஜை மாற்றுவதில்லை. பயண அடாப்டர் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பக்கக் கம்பியை இன்னொரு பக்கத்தோடு இணைக்கும் பித்தளைப் பட்டைகள் இருக்கும், சிலவற்றில் ஒரு ஃபியூஸும் யூஎஸ்பி ஓட்டையும் இருக்கும். பிளக்கின் வடிவத்தை மாற்றுவதோடு அதன் வேலை முடிந்தது. சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட் அப்படியே சாமானுக்குப் போகும். தம்பியின் போன் சார்ஜர் பிழைத்திருப்பது அந்தச் சார்ஜரின் புண்ணியம், அடாப்டருக்கு அதில் பங்கில்லை.

சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஹெர்ட்ஸ் என்பது மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை தரம் அலைகிறது என்ற கணக்கு. இந்தியாவிலும் அதுவே. ஜப்பானில் 100 வோல்ட். அமெரிக்காவில் 120, தைவானில் 110. ஜப்பானில் இன்னொரு கூத்தும் உண்டு. 1890களில் தோக்கியோக்காரர்கள் ஜெர்மனியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் ஜெனரேட்டர் வாங்கினார்கள், ஒசாகாக்காரர்கள் அமெரிக்காவிலிருந்து 60 ஹெர்ட்ஸ் வாங்கினார்கள். இன்றுவரை கிழக்குப் பக்கம் 50, மேற்குப் பக்கம் 60. உங்கள் தங்கை இருந்த ஊரில் 60. மாப்பிள்ளையின் ரெக்கார்ட் பிளேயருக்கு இது முக்கியம், பிறகு வருகிறேன்.

இப்போது ஒவ்வொரு சாமானையும் திருப்பிப் போட்டு, அடியில் அல்லது சார்ஜர் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். ஜப்பானிய எழுத்துக்கு நடுவில் எண்கள் மட்டும் நம் கண்ணுக்குத் தெரியும், அதுவே போதும். "100-240" என்று கோடு போட்டு இரண்டு எண் இருந்தால் இங்கே தாராளமாகப் போடலாம், பிளக்கின் வடிவம் மாறினால் போதும். உங்கள் கேமரா சார்ஜரில் அப்படித்தான் இருக்கும், மடிக்கணினி சார்ஜரிலும் அனேகமாக அப்படித்தான். "100" மட்டும் தனியாக நின்றால் அது நம் சுவரைத் தொடக் கூடாது. சிலர் பக்கத்தில் இருக்கும் "50/60" ஐப் பார்த்துவிட்டு எல்லா ஊருக்கும் ஆகும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஹெர்ட்ஸ். வோல்ட் எண் அதற்கு முன்னால் இருக்கும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சூடு போடும் சாமான்களில் கணக்கு பயங்கரமானது. வோல்டேஜ் 2.3 மடங்கு ஆனால் சூடு 2.3 மடங்கு ஆகாது. 2.3 ஐ 2.3 ஆல் பெருக்க வேண்டும், 5.29 மடங்கு. 1,200 வாட் என்று எழுதிய ஜப்பான் ஹேர் டிரையர் நம் சாக்கெட்டில் 6,300 வாட் இழுக்கப் பார்க்கும். அதாவது 27 ஆம்பியருக்கு மேல். நம் பிளக்கே 13 ஆம்பியருக்குத்தான்.

"பிளக்கில் ஃபியூஸ் இருக்கிறதே, அது போய்விடாதா?" என்று கேட்பீர்கள். போகும், ஆனால் உடனே போகாது. 13 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு மடங்கு மின்னோட்டத்தில் அறுவதற்குள் நேரம் ஓடிவிடும். அதற்குள் டிரையரின் கம்பிச்சுருள் செக்கச்செவேல் என்று ஆகி, சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் இளகிவிடும். அது உங்கள் கையில், உங்கள் தலைமுடிக்குப் பக்கத்தில் இருக்கும். டிபி பாக்ஸில், அதாவது வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டியில், இருக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்சும் இதற்கு உதவாது. 2025 ஜூலை முதல் எல்லா வீட்டிலும் அது இருக்க வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்திருக்கிறது, நல்ல விதி. ஆனால் அது கவனிப்பது கசிவை. போன கரண்ட் திரும்பி வராமல் ஓர் ஆள் வழியாகவோ ஈரத்தின் வழியாகவோ வெளியே போனால் 30 மில்லி ஆம்பியரில் டிரிப் ஆகும். டிரையர் அளவுக்கு மீறிச் சூடாவதில் கசிவே இல்லை. போன கரண்ட் முழுக்கத் திரும்பி வருகிறது, அதற்குச் சந்தேகம் வராது.

சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1997 இல் நான் இங்கே வந்த புதிது. சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையில் இரண்டு கேசட் போடும் ஜப்பான் ரேடியோ ஒன்றை ஆசையாக வாங்கினேன். யாரோ அதில் ஏற்கெனவே நம்மூர் மூன்று பின் பிளக்கை மாட்டியிருந்தார்கள். பிளக் நம்முடையது, அப்புறம் என்ன என்று அறைக்கு வந்ததும் சொருகிவிட்டேன். முதலில் அடிவயிற்றில் கேட்கிற மாதிரி ஒரு உறுமல். ஸ்பீக்கரில் இருந்து வரவில்லை, பெட்டியே உறுமியது. பிறகு அரக்கு உருகுகிற வாசனை. நான் பிளக்கைப் பிடுங்குவதற்குள் பின்பக்க ஓட்டைகள் வழியாகக் கம்பி கம்பியாகப் புகை. ஆறிய பிறகு திறந்து பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றியிருந்த மஞ்சள் காகிதம் வறுத்த அப்பளம் போலச் சுருண்டு கறுத்திருந்தது. அடியில் வெள்ளி நிற லேபிள் பளிச்சென்று இருந்தது: 100 வோல்ட், 18 வாட். ஒரு தரம் கவிழ்த்துப் பார்த்திருந்தால் போதும். அறையில் அன்று எட்டுப் பேர் படுத்திருந்தோம். நான் சொருகிவிட்டுக் குளிக்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைப்பேன். அன்றிலிருந்து எந்தச் சாமானையும் கவிழ்த்துப் பார்க்காமல் சொருகியதில்லை.

எல்லா லேபிளிலும் இருக்கும் எண்களை இங்கே எழுதுங்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பொங்கோல்வாசி எழுதியது:

அண்ணா, உங்கள் பதிலை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளை உடனே டார்ச் அடித்து எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டார்.

மடிக்கணினி சார்ஜர், கேமரா சார்ஜர் இரண்டும் 100-240. நிம்மதி.
ரைஸ் குக்கர்: 100 வோல்ட், 50-60 ஹெர்ட்ஸ், 1,230 வாட்.
டிரையர்: 100 வோல்ட், 1,200 வாட். நீங்கள் கணக்குப் போட்டது அப்படியே.
கீபோர்டு அடாப்டர்: உள்ளே போவது 100 வோல்ட், வெளியே வருவது 12 வோல்ட், 1.5 ஆம்பியர்.
ரெக்கார்ட் பிளேயர்: 100 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 10 வாட்.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைத்தால் எல்லாவற்றையும் ஓட்டலாம் என்று மாப்பிள்ளை சொல்கிறார். உண்மையா? அம்மாவுக்கு அந்த குக்கர் மேல்தான் கண். தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது அதில் வைத்த சோறு உதிரி உதிரியாக வந்ததாம்.

கப்பல்பட்டறை எழுதியது:

டிரான்ஸ்ஃபார்மர் உண்மையிலேயே வோல்டேஜைக் குறைக்கும். ஆனால் ஒவ்வொரு சாமானுக்கும் நியாயம் வேறு.

குக்கர் 1,230 வாட் என்றால் அது காந்தச் சூட்டில் வேகவைக்கும் இண்டக்ஷன் வகையாக இருக்கும். அதற்குக் குறைந்தது 1,500, நிம்மதியாக ஓட 2,000 விஏ (வாட் மாதிரி, டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் அளவு) டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இரும்பும் செம்புமாகச் சுற்றிய பெட்டி அது, ஒரு கையால் தூக்கி அலமாரியில் வைக்க முடியாது. சமையலறை மேடையில் தண்ணீருக்குப் பக்கத்தில் அதை வைக்க எனக்கு மனம் வராது. தங்கைக்கு ஜப்பானிய மொழி படிக்கத் தெரியுமே, கையேட்டில் வெளிநாட்டுப் பயன்பாடு பற்றி என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: அதே ரகக் குக்கர் 220-230 வோல்ட்டுக்கென்றே செய்து விற்கிறார்கள். ஜப்பானுக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் பெரிய கடைகளில் வெளிநாட்டு மாடல் என்று கேட்டு, லேபிளைப் பார்த்து வாங்கி வரலாம். டிரையரை விட்டுவிடுங்கள். அதற்கு டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவது ஆட்டுக்குட்டியைக் கட்ட யானைச் சங்கிலி வாங்குவது மாதிரி.

கீபோர்டுக்கு டிரான்ஸ்ஃபார்மரே தேவையில்லை. கீபோர்டுக்கு வேண்டியது 12 வோல்ட் மட்டும், அதைத் தருகிற அடாப்டரைத்தான் மாற்ற வேண்டும். இங்கே விற்கும் பாதுகாப்பு முத்திரை உள்ள அடாப்டர் ஒன்றை வாங்குங்கள். வெளியே வரும் வோல்ட் சரியாக 12 இருக்க வேண்டும். ஆம்பியர் 1.5 அல்லது அதற்கு மேல், 2 என்றிருந்தாலும் பரவாயில்லை, கீபோர்டு தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அப்புறம் லேபிளில் ஒரு சிறு படம் இருக்கும்: நடுவில் ஒரு புள்ளி, சுற்றி அரைவட்டம், இரண்டு பக்கமும் பிளஸ், மைனஸ். நடுப்புள்ளி பிளஸ்ஸோடு சேர்ந்திருக்கிறதா மைனஸோடா என்று பாருங்கள். இசைக் கருவிகளில் நடுவில் மைனஸ் வருபவையும் உண்டு. அதை மாற்றிப் போட்டால் வோல்ட் சரியாக இருந்தும் கருவி போய்விடும். வோல்ட் எண்ணுக்குப் பக்கத்தில் நேர்கோடும் அதன் கீழே புள்ளிக்கோடும் இருந்தால் டிசி, அலைக்கோடு இருந்தால் ஏசி. அதுவும் பொருந்த வேண்டும்.

ரெக்கார்ட் பிளேயருக்கு வருவோம். 10 வாட்தான், சின்ன டிரான்ஸ்ஃபார்மரே போதும். வோல்டேஜ் சரியாகிவிடும். ஆனால் எந்த டிரான்ஸ்ஃபார்மரும் ஹெர்ட்ஸை மாற்றாது. 60 மட்டும் எழுதியிருப்பதால், அதன் மோட்டார் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பார்த்துச் சுற்றுகிற வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகம்தான் வரும். நிமிடத்துக்கு 33 சுற்று போக வேண்டிய தட்டு 28க்கும் கீழே போகும். பாடகி குரல் ஆண் குரல் மாதிரி இழுக்கும். பெல்ட் ஓடும் வகை என்றால், மோட்டார் முனையில் இருக்கும் சிறு உருளையை 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக மாற்றிக்கொள்ளலாம். சில கம்பெனிகள் அந்த உருளையை இரண்டு அளவிலும் செய்தன. அந்தக் காலச் சாமான்களைப் பழுதுபார்க்கிறவரிடம் ஒரு தரம் காட்டுங்கள்.

இந்த ஹெர்ட்ஸ் சமாச்சாரம் எங்கள் பட்டறையில் தினப்படி பாடு. கப்பல்களில் பெரும்பாலும் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் ஓடும். கரையில் நம்முடையது 50. கப்பல் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுக் கரை மின்சாரத்தை ஏற்றும் நாளில் பம்பும் விசிறியும் மந்தமாகிவிடும், மோட்டார்கள் கொதிக்கும். அதற்கென்றே ஹெர்ட்ஸை மாற்றும் கருவிகளை வரவழைப்போம். ஜப்பானில் கட்டிய கப்பல்கள் பலவற்றில் மாலுமிகள் அறைச் சாக்கெட் 100 வோல்ட். ஒவ்வொரு அறை வாசலிலும் எண் எழுதி ஒட்டியிருக்கும், இருந்தாலும் ஊரிலிருந்து கொண்டுவந்த கெட்டிலைச் சொருகிவிட்டு "சுடவே மாட்டேங்குது" என்று எங்களைக் கூப்பிடுவார்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவதானால் சிம் லிம் டவரில் தேடுங்கள். வெளியே வருவது 100 என்று எழுதியிருக்க வேண்டும். அமெரிக்கச் சாமானுக்கான 110, 120 வோல்ட்டைக் கொடுத்து "அதே இரண்டு கம்பிதானே" என்பார்கள். 100 வோல்ட் சாமானில் 120 போனால் சூடு 44 சதவீதம் கூடும். இன்னொன்று, கைக்கு அடக்கமாக, எடையே இல்லாமல் "1,600 வாட் கன்வெர்ட்டர்" என்று விற்பார்கள். அது மின்சார அலையை வெட்டிக் கொடுக்கும், மோட்டாருக்கும் மின்னணுச் சாமானுக்கும் ஆகவே ஆகாது. கையில் எடுத்தால் கனக்க வேண்டும்.

உட்லண்ட்ஸ் அம்மா எழுதியது:

நானும் ஒன்று சொல்கிறேன். என் மகள் அமெரிக்காவில் படிக்கப் போனபோது இங்கே வாங்கிய 700 வாட் ரைஸ் குக்கரைக் கொடுத்தனுப்பினேன். அவள் அடாப்டர் போட்டு வைத்திருக்கிறாள். ஒன்றரை மணி நேரம் கழித்து வீடியோவில் காட்டினாள். கஞ்சியும் இல்லை சோறும் இல்லை, வெதுவெதுப்பான தண்ணீரில் அரிசி ஊறிக் கிடந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளை பட்டினியாகப் படுத்தாள். எனக்கு மனசே சரியில்லை.

அப்புறம் ஊர் மிக்ஸி பற்றி. திருச்சியிலிருந்து கொண்டுவந்தது, அதுவும் 230 வோல்ட்தான், ஆனால் உருண்டைப் பின். சொந்தக்காரர் ஒருவர் சாக்கெட்டின் மேல் ஓட்டையில் சாப்ஸ்டிக்கைக் குத்தி இரண்டு பின்னை மட்டும் நுழைத்து ஓட்டுகிறார். அது சரியா அண்ணா?

கப்பல்பட்டறை எழுதியது:

சரியே இல்லைம்மா. மேல் ஓட்டை எர்த். நம் பிளக்கில் எர்த் பின் நீளமாக இருப்பதே அது முதலில் உள்ளே போய்க் கீழிரண்டு ஓட்டைகளின் மூடியைத் திறக்கத்தான். சின்னக் குழந்தை விரலோ ஊசியோ விட்டால் தடுக்கிற மூடி அது. சாப்ஸ்டிக்கை விட்டால் அந்தக் காவலும் போச்சு, மிக்ஸிக்கு எர்த்தும் போச்சு. உடம்பு உலோகமாக இருக்கிற கிரைண்டர் என்றால் இன்னும் மோசம். மாவுக் கையோடு தொடுகிற சாமான். அந்தச் சொந்தக்காரரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

பழைய பிளக்கை வெட்டிவிட்டுப் பாதுகாப்பு முத்திரை உள்ள 13 ஆம்பியர் பிளக் மாட்டச் சொல்லுங்கள். பழுப்பு வயர் லைவ், ஃபியூஸ் இருக்கும் பக்கம். நீலம் நியூட்ரல். பச்சை மஞ்சள் கோடு எர்த், மேலே. ஊரில் பழைய சாமான்களில் சிவப்பு, கறுப்பு, பச்சை என்று வரும், சிவப்பு லைவ். 700 வாட்டுக்குள் என்றால் 3 ஆம்பியர் ஃபியூஸ், அதற்கு மேல் 13. பழக்கமில்லை என்றால் எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுங்கள், சிறிய வேலைதான்.

மகள் விஷயத்துக்கு: 230 வோல்ட் குக்கர் 120 வோல்ட்டில் ஏறக்குறைய கால்பங்கு சூடுதான் கொடுக்கும். 700 வாட் 190 ஆகிவிடும். அங்கேயே ஒன்று வாங்கித் தருவதுதான் வழி. பிள்ளை இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாளா?

ஜூரோங் தம்பி எழுதியது:

என் சார்ஜரைக் கவிழ்த்துப் பார்த்தேன் அண்ணா. 100-240 என்று இருக்கிறது. தப்பாகச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும் பொங்கோல் அக்கா.

உட்லண்ட்ஸ் அம்மா எழுதியது:

நன்றாகச் சாப்பிடுகிறாள் அண்ணா. அங்கேயே சின்னதாக ஒன்று வாங்கிக்கொண்டாள். சாப்ஸ்டிக்காரரிடமும் பேசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை பிளக் மாற்றுகிறார்.

பொங்கோல்வாசி எழுதியது:

தம்பி, அதெல்லாம் ஒன்றுமில்லை. நானும் அப்படித்தானே நினைத்தேன்.

அண்ணா, கையேட்டைத் தங்கை படித்துச் சொன்னாள். ஜப்பானுக்குள் மட்டும் பயன்படுத்தவும், டிரான்ஸ்ஃபார்மர் வைத்தும் வேண்டாம் என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறதாம். மாப்பிள்ளையின் அலுவலக நண்பர் ஒருவர் அடுத்த மாதம் ஒசாகாவுக்குக் குடிபோகிறார். குக்கரும் டிரையரும் அவரோடு திரும்பப் போகின்றன. அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு அவரே குக்கரைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

ரெக்கார்ட் பிளேயரின் தட்டைத் தூக்கிப் பார்த்தோம். பெல்ட்தான், மோட்டார் முனையில் பித்தளை உருளை இருக்கிறது. கீபோர்டு அடாப்டரில் நடுப்புள்ளி பிளஸ்ஸோடு சேர்ந்திருக்கிறது. படம் எடுத்து போனில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை சிம் லிம் டவருக்குப் போகிறோம், தங்கை மகளும் வருகிறாள். ஐஸ்கிரீம் அன்றைக்கு.